மூன்று முடியும் மொத்த முடியும்

கன்னியம்மா அத்தை பஸ்ஸில் ஏறியதுமே அந்தப் பின்னலைத்தான் பார்த்தாள். இருந்தது. முழங்காலுக்கு ஒரு சாண் மேல் வரைக்கும் வரும் பின்னல். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவனின் மடியில் வீட்டுப் பூனை மாதிரி சுருண்டு கிடந்தது.

உட்கார்ந்திருந்தவன் என்று தெரிந்துதான் சொல்கிறேன். பொதட்டூர்பேட்டையில் எல்லாருக்கும் அது வரலட்சுமி. தறி நெய்யும் கோதண்டபாணியின் ஒரே மகள், பத்தொன்பது வயசு, தாவணி போட்ட பெண். வீட்டில் லச்சி. ஆனால் கண்ணை மூடித் தன்னை நினைத்துக்கொள்ளும்போதெல்லாம் அங்கே வந்து நின்றது ஒரு பையன்தான். நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படி. தன்னை அவன் நினைத்தபடியே நாமும் சொல்லிக்கொண்டு போவோம்.

எழுபத்து மூன்றாம் வருஷம், கார்த்திகை மாசம். திருத்தணிக்குப் போகிற காலை பஸ். முன்னிருக்கையில் நைனாவும் அம்மாவும். அத்தை அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அம்மாவின் தோளைத் தட்டினாள்.

"கமலா, சொன்னது ஞாபகம் இருக்குதில்ல? மூணே மூணு முடி. கத்திரியில நறுக்கு நறுக்குனு மூணு தபா. அதுக்குப் பேரு பூமுடி. பொம்பளைங்களுக்கு சாமி அவ்ளோதான் கேப்பாரு."

"ஆங், அண்ணி" என்றாள் அம்மா, திரும்பாமல்.

"தையில தாலி ஏறப்போற பொண்ணு. மொட்டத் தலைல பூ எங்க வெக்கறது? ஆணி அடிச்சா?"

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை. அவர் பஸ்ஸில் எப்போதும் போல, மடியில் மஞ்சள் பையை வைத்துக்கொண்டு, கைவிரல்களால் பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தார். தறியில் இல்லாதபோது அவர் கைக்கு என்ன செய்வதென்று தெரியாது.

அத்தை நைனாவின் அக்கா. அவள் மகன் துளசிங்கத்துக்குத்தான் தையில் வரலட்சுமியைக் கட்டுவதாகப் பேச்சு. துளசிங்கம் பாவா கெட்டவன் இல்லை. கனகம்மாசத்திரத்தில் டயர் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்தான். வரும்போதெல்லாம் மாமன் மகளுக்கென்று ஆரஞ்சு மிட்டாய் வாங்கி வருவான். அந்த மிட்டாயை வாங்கிக்கொள்ளும்போது அவனுக்குப் பாவாவின் மேல் கோபம் வராது. பாவாவின் கால்சட்டையையும், கையை மடித்துவிட்ட சட்டையையும், கழுத்துக்குப் பின்னால் ஒட்ட வெட்டியிருந்த முடியையும் பார்த்து ஏக்கம்தான் வரும்.

தன் தலையிலிருந்த முடிதான் அவனை அறுத்தது. அம்மாவுக்கு அவனுடைய முடிதான் உலகத்திலேயே பெருமை. சனிக்கிழமை தோறும் நல்லெண்ணெய் காய்ச்சி, சீயக்காய் தேய்த்து, சாம்பிராணி புகை போட்டு, மடியில் தலையைச் சாய்த்து வைத்துச் சிக்கெடுப்பாள். தெருவில் நாலு பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அம்மாவின் விரல்கள் தலையில் ஓடும் அந்த நேரம் அவனுக்குப் பிடிக்கும். முடி மட்டும் யாரோ அவன் தலையில் இறக்கி வைத்துவிட்டு, எடுத்துக்கொள்ள வராமலே போய்விட்ட சுமையாக இருந்தது.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. "நடையப் பாரு, ரவுடி கணக்கா" என்று பையன்கள் பின்னாலேயே நடந்து காட்டுவார்கள். ஒருநாள் அவர்களில் ஒருத்தனின் மூக்கை இவன் உடைத்துவிட்டான். அதற்கப்புறம் வீட்டில் தார் சுற்றுகிற வேலை. தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குழலில் நூல் சுற்றுவதுதான் தார். வலது கை ராட்டினத்தைச் சுற்றும், இடது கை நூலைப் பிடிக்கும், கண் மடியில் விரித்த புத்தகத்தில் இருக்கும். நைனா நூலகத்தில் தன் பேரில் எடுத்து வருவார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் தடிமனைப் பார்த்து எடுப்பார். "இது பத்து நாளு தாங்கும்" என்பார். தடிமனாக இருந்ததெல்லாம் வெளிநாட்டு நாவல்களின் மொழிபெயர்ப்பு. பனி கொட்டும் ஊர்கள், ஆற்றின் மேல் பாலங்கள், நீளமான கோட்டுப் போட்டுக்கொண்டு தனியாக நடந்து போகும் இளைஞர்கள். அவர்கள் காதலித்தார்கள், கடிதம் எழுதினார்கள், காய்ச்சலில் விழுந்தார்கள். என்ன துன்பப்பட்டாலும் அவர்களை யாரும் "நீ யார்" என்று கேட்கவில்லை. பொதட்டூர்பேட்டை வெயிலில் உட்கார்ந்துகொண்டு அவன் அந்தப் பனிக்கு ஏங்கினான்.

அதைச் சொல்ல ஒருத்திதான் இருந்தாள். பக்கத்து வீட்டு வள்ளிநாயகி. அவளும் தார் சுற்றுவாள். நடுச்சுவரில் ஒரு ஓட்டை. அதன் வழியாக அவன் அவளுக்குக் கதை சொல்வான். ஒருநாள் கதையோடு கதையாகத் தன்னைப் பற்றியும் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. ராட்டினத்தை நிறுத்திவிட்டு ஓட்டையருகே முகத்தைக் கொண்டுவந்தாள்.

"அப்போ உன்ன இன்னானு கூப்புடறது?" என்று கேட்டாள்.

அதற்கு அவனிடம் பதில் தயாராக இருந்தது. அவன் பிறப்பதற்கு முன் நைனா திருத்தணி மலையில் வேண்டிக்கொண்டிருந்தார், பையன் பிறந்தால் தணிகாசலம் என்று பேர் வைக்கிறேன் என்று. கன்னியம்மா அத்தை இதை நூறு தடவை சொல்லிக் காட்டியிருக்கிறாள்: "பேர வெச்சிகினு காத்துகினு இருந்தான் எந்தம்பி. வந்து பொறந்தது இது." ஆறு வயசில் முதல் தடவை அதைக் கேட்டபோது, சந்தையில் தொலைத்த பொருளை யாரோ எடுத்து நீட்டிய மாதிரி இருந்தது அவனுக்கு.

"தணிகா" என்று கூப்பிட்டாள் வள்ளிநாயகி, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. இரண்டு வருஷம் அப்படிக் கூப்பிட்டாள். ஆவணியில் அவளைப் பள்ளிப்பட்டில் கட்டிக் கொடுத்தார்கள். சுவர் ஓட்டையை அவள் அப்பா மண் வைத்து அடைத்துவிட்டார், பல்லி வருகிறதென்று.

அவன் பேசுவதை நிறுத்தினான். பிறகு சாப்பிடுவதை. சுவரைப் பார்த்துப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. ராட்டினத்தில் பாதி சுற்றிய தார் அப்படியே இருந்தது. காத்துக் கருப்பு என்றார்கள். பூசாரி ஒருவர் வந்து வேப்பிலையால் அடித்தார். முதுகில் கோடு விழுந்ததே தவிர அவன் வாய் திறக்கவில்லை. அரக்கோணத்தில் ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். அது அவனை இன்னும் தூங்க வைத்தது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மார்புக்குள் ஈரமான மணல் மூட்டை ஒன்று கிடப்பது போலிருக்கும். தெருவில் பேசிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுக்கு நெய்வதற்குப் பாவு நூல் கொடுக்க வந்தவன் வாசலோடு நின்று கொடுத்துவிட்டுப் போனான்.

ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம், அவன் எழுந்து நடந்து கொல்லைக் கிணற்றின் சுவர்மேல் போய் உட்கார்ந்தான். தண்ணீர் மேலே வரை வந்திருந்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான் என்று அவனுக்கே தெரியாது. பின்னாலிருந்து நைனா அவன் இடுப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்தார். இருவரும் சேற்றில் விழுந்தார்கள். அம்மா ஓடி வந்தாள். ஓடி வந்தவள் மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக் கத்தினாள்.

"முருகா! எம்பொண்ண எனக்குக் குடுத்துடு! அவ முடிய மொத்தமா உனக்குக் குடுத்துடறேன்! ஒத்த முடி பாக்கி வெக்காம குடுத்துடறேன்!"

அவளிடம் இருந்ததிலேயே பெரிய பொருள் அதுதான். அதைத்தான் கொடுத்தாள்.

சேற்றில் கிடந்தவன் காதில் அந்த வார்த்தை விழுந்தது. மொத்தமா. ஒத்த முடி பாக்கி வைக்காமல். அன்று இரவு அவன் ஒரு டம்ளர் கஞ்சி குடித்தான். மறுநாள் இரண்டு இட்லி. நாலாம் நாள் ராட்டினத்தில் உட்கார்ந்தான். முருகன் கேட்டுவிட்டார் என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். அவனும் மறுக்கவில்லை. யார் கேட்டார்களோ தெரியாது, அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக, வரப்போகும் ஒரு நாளுக்காகக் காத்திருந்தான்.

பொண்ணு தேறிவிட்டாள் என்று கேட்டதும்தான் கன்னியம்மா அத்தை வந்தாள். ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் மிச்சமும் சரியாகிவிடும் என்றாள். தை பத்துக்கு நாள் பார்த்தாள். மொத்த முடி என்ற பேச்சைக் கேட்டு, பூமுடி போதும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

அதனால்தான் இப்போது பஸ்ஸில் அவன் மடியிலிருந்த பின்னலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். மூன்று முடியா, மொத்த முடியா. மொத்தமும் போனால் தையில் கல்யாணம் இல்லை. தோள்வரை வளரவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். மூன்று முடியோடு திரும்பினால், மறுபடி அந்தச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவோம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. படுத்தால் இந்தத் தடவை எழுந்திருப்போம் என்ற நிச்சயம் இல்லை.

திருத்தணியில் சரவணப் பொய்கை நிரம்பி, படிகளை நனைத்துக்கொண்டிருந்தது. முடி எடுக்கும் கொட்டகை குளத்தங்கரையிலேயே இருந்தது. இருபது முப்பது பேர் வரிசையாகக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். கத்திகள் சரசரத்தன. ஈரமான முடி தரையெல்லாம் கறுப்பாகக் கிடந்தது. குழந்தைகள் கத்தின. கொட்டகை வாசலில் சீட்டு கொடுக்கும் ஜன்னல். பூமுடிக்கு ஒரு சீட்டு, மொட்டைக்கு வேறு சீட்டு.

"போப்பா கோதண்டம். பூமுடிக்கு ஒண்ணு வாங்கிகினு வா" என்றாள் அத்தை.

நைனா நகரவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, மொத்தமாத் தரேன்னுதானே சொன்னேன். மூணு முடி குடுத்தா ஏத்துக்குவாரா?"

"அவரு இன்னா அளந்தா பாக்கப் போறாரு? பயத்துல சொல்றதுதான் வேண்டுதலா? எனக்குக் கூடத்தான் ரெண்டு தபா வயித்துவலில உசிரு போச்சு. ஆயிரம் சொன்னேன்."

"மறுபடியும் எதனா ஆச்சுன்னா?"

"இன்னா ஆவும்? புருசன் வீட்டுக்குப் போறா. ஆவற கதயெல்லாம் அதோட முடிஞ்சுது."

அம்மாவின் முகம் தளர்வதை அவன் பார்த்தான். இன்னும் இரண்டு வார்த்தை அத்தை சொன்னால் போதும். பேசி எத்தனையோ நாளாகி, சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் மட்டும் பழகிய நாக்கு.

"மொத்தமாத் தரேன்னு சொன்னியேம்மா" என்றான். "நா கேட்டேன். சேத்துல கெடந்துகினு கேட்டேன். அதுக்குத்தான் எழுந்தேன்."

அம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அத்தை வாயைத் திறந்தாள். அதற்குள் நைனா மஞ்சள் பையை அம்மா கையில் கொடுத்துவிட்டு வரிசைக்குப் போய்விட்டார். அவருக்கு முன்னால் நாலு பேர் நின்றார்கள். முதுகைப் பார்த்தால் எந்தச் சீட்டு வாங்கப் போகிறார் என்று சொல்ல முடியாது. தறிக்குழியில் உட்கார்ந்து உட்கார்ந்து வளைந்த முதுகு. அவன் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான்.

திரும்பி வந்தபோது அவர் கையில் இரண்டு சீட்டு இருந்தது.

"ரெண்டு எதுக்கு?" என்றாள் அத்தை.

"மொட்டைக்கு. அதுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. கெணத்தாண்ட நானுந்தான் வேண்டிகினேன்."

"டேய், உனக்கு எத்தினி மொட்ட வேணாலும் அடிச்சிக்கோ! பொண்ணுக்கு அடிச்சிட்டு எம்புள்ளய எங்க நிக்க வெப்பே? மணவறையில மொட்டத்தலையாண்டவா?"

"அப்போ வாணாம்க்கா."

"இன்னாது வாணாம்?"

"தையில வாணாம்."

அவர் சத்தமாகச் சொல்லவில்லை. அத்தைதான் சத்தம் போட்டாள். தாய்மாமன் இல்லாத வீட்டில் தன் மகன்தான் துணிந்து முன்வந்தான் என்றாள்; பைத்தியத்தைக் கட்டிக்கொள்ள வேறு எவன் வருவான் என்றாள். பைத்தியம் என்றதும் மொட்டைக்குக் குனிந்திருந்த நாலைந்து தலைகள் நிமிர்ந்தன. அம்மா அழ ஆரம்பித்தாள். அத்தை குடத்தைத் தூக்குவது போலத் தன் பையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். கொஞ்ச தூரம் போய், யாராவது கூப்பிடுவார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

முடி எடுப்பவர் அவன் பின்னலைக் கையில் வாங்கியதும் தயங்கினார். "பூமுடிதானுங்களே?"

"முழுசா" என்றார் நைனா.

"யோசன பண்ணிச் சொல்லுங்க. இவ்ளோ முடி நா எடுத்ததே இல்ல."

"முழுசா எடுங்க" என்றான் அவன்.

தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். உச்சியில் கத்தி தொட்டது. அது கீழே இறங்கிய வழியெல்லாம் காற்று பட்டது. இதுவரை காற்றே படாத இடம். இடது பக்கம் முழுவதும் போனபோது தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வலது பக்கத்தில் இன்னும் பாரம் இருந்தது. பிறகு அதுவும் போனது. மடியில் விழுந்த பின்னலை அவர் எடுத்து ஓரமாக வைத்தார். அம்மா குனிந்து அதன் நுனியை ஒரு தடவை தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். அது இனி சாமியுடையது.

அம்மாவின் துக்கத்தைப் பார்க்க அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தத் துக்கத்துக்கு நடுவிலும் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

குளத்தில் முங்கி எழுந்தபோது தண்ணீர் நேராகக் கண்ணில் வழிந்தது. படியில் நின்று குனிந்து பார்த்தான். அலை அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. பாசி படிந்த பச்சைத் தண்ணீரில் ஒரு மொட்டைத் தலைப் பையன், காது கொஞ்சம் விடைத்து, தன்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை எத்தனை வருஷமாகத் தெரியும்! ஆனால் இன்றுதான் நேரில் பார்த்தான். வள்ளிநாயகி இங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்தான். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். கூப்பிட்டிருப்பாள்.

நைனா தன் துண்டை அவன் தோளைச் சுற்றிப் போர்த்தினார். அவர் தலையும் இப்போது பளபளத்தது. மலைப்படி ஏறும் இடத்தில் சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த பார்வை மங்கிய கிழவி பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பாவும் புள்ளையுமா? வா தம்பி, சந்தனம் பூசிக்கோ. வெயில் ஏறுது பாரு."

"பொண்ணும்மா அது" என்றாள் அம்மா சட்டென்று. கிழவி "ஐய, கோவிச்சுக்காதம்மா" என்றாள். அவன் குனிந்து தலையைக் காட்டினான். சந்தனம் குளிர்ந்தது. உள்ளே ஒன்று எரிந்தது.

முந்நூற்றுச் சொச்சம் படி. அம்மா ஒவ்வொரு படியிலும் கற்பூரம் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தாள். மேலே சன்னிதியில் கூட்டம் அதிகமில்லை. நைனா தேங்காய், பழத் தட்டை நீட்டினார். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, எல்லாரையும் கேட்பது போலக் கேட்டார்.

"யார் பேருக்கு அர்ச்சனை? பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

"கிருத்திகை நட்சத்திரம், ரிஷப ராசி" என்றார் நைனா. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "பேரு தணிகாசலம்."

அம்மாவின் கைவளை சத்தம் கேட்டது. குருக்கள் உள்ளே திரும்பி, விளக்கொளியில், மந்திரத்தின் நடுவே அந்தப் பெயரைச் சொன்னார். சுவர் ஓட்டையில்லாமல், ரகசியமில்லாமல், நாலு பேர் கேட்க. முருகன் முன்னால் ஒருவரும் திருத்தவில்லை. அவன் கும்பிட்ட கையை நெற்றியோடு அழுத்திக்கொண்டு, கீழே விழுந்துவிடாமல் நின்றான்.

அம்மா விபூதிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது, அப்பாவும் பிள்ளையும் வெளிப்பிராகாரத்தில் மேற்கே பார்த்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். மலைக்குப் பின்னால் மலை. அதற்கும் அந்தப் பக்கம் பள்ளிப்பட்டு.

"உனக்கு எப்பிடித் தெரியும் நைனா?"

"தறிக்குழில ஒக்காந்துகினு இருந்தா எல்லாம் கேக்கும்." அவர் தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். "அந்தப் பொண்ணு கூப்புடும். நீ 'ஆங்'ன்னுவே. நம்ம வீட்ல நீ அப்பிடி ஒரு 'ஆங்' சொல்லி நா கேட்டதில்ல."

அவன் துண்டின் நுனியை விரலில் சுற்றினான்.

"அதெல்லாம் எனக்குப் புரியல, லச்சி." சொல்லிவிட்டு, சொன்ன பேரை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சம் நிறுத்தினார். "புரியல. ஆனா கெணத்தாண்ட உன்னப் புடிச்சேனே, அப்ப உங்கம்மா கத்தினது ஒண்ணு. நா மனசுல வேண்டிகினது ஒண்ணு. எப்பிடி இருந்தாலும் சரி, இருந்தாப் போதும்னேன். அவ்ளோதான்."

கீழே ஊரில் ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போனது.

"முடி வளந்துடும் நைனா."

"வளரட்டும். வளந்தா இன்னொரு வேண்டுதல் வெச்சா போச்சு. வருசா வருசம் மொட்ட அடிக்கிற ஆளுங்க இல்லியா? சாமியா வாணாம்னு சொல்லப் போறாரு?"

அவன் சிரித்துவிட்டான். ஆவணிக்கு அப்புறம் முதல் சிரிப்பு. அது முடிவதற்குள் அழுகையாகிவிட்டது. நைனா அவன் பக்கம் பார்க்காமல், சந்தனம் காய்ந்த அந்தத் தலையில் கையை வைத்தார். அப்படியே வைத்திருந்தார். அவன் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பேரைக் குருக்கள் சொன்னார், நைனா சொன்னார். ஆனாலும் அந்தப் பேர் வள்ளிநாயகியின் குரலில் வேண்டியிருந்தது. ஒரு தடவை. அந்த மலைகளைத் தாண்டி அது வரப்போவதில்லை என்று தெரிந்தும் காது அந்தப் பக்கமே இருந்தது.

படி இறங்கும் இடத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. கூப்பிடுவதற்கு வாயைத் திறந்தாள். 'ல' என்று நாக்கு மடிந்ததை அவன் தூரத்திலிருந்தே பார்த்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள். மறுபடி திறந்தாள்.

"வா" என்றாள். "பஸ்ஸு பூடும். வா."

பேர் ஏதும் இல்லாத அந்த வார்த்தைக்கு அவன் எழுந்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அம்மாவைத் தாண்டி, இரண்டிரண்டு படியாக இறங்கினான். பின்னாலிருந்து அவள், "மெதுவா, மெதுவா, வழுக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தலையைச் சுற்றிலும் காற்று அடித்தது.